150 மீட்டர் தொலைவில் இருக்கும் மோட்டாரை இயக்க வெளிநாட்டு சர்வர் எதற்கு?

தோப்புவாசி, கொழிஞ்சாம்பாறை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டை ஒட்டி நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் ஓர் ஆழ்துளைக் கிணறு (போர்), 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். மோட்டார் அறை வீட்டிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர். பகலில் இது ஒரு தூரமே அல்ல. ஆனால் எங்கள் பகுதியில் மாலை நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல்தான் மோட்டார் இழுக்கும். வரப்பில் விரியனும் வாய்க்கால் ஓரம் காட்டுப்பன்றியும் நடமாடும் அந்த நேரத்தில், டார்ச் விளக்குடன் இரண்டு முறை போய்வருவது அறுபதைத் தாண்டிய எனக்கு எளிதாக இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓணம் விடுமுறைக்கு வந்தபோது, ஆன்லைனில் வாங்கிய வைஃபை சுவிட்ச் ஒன்றை மோட்டார் அறையில் பொருத்திக் கொடுத்தான். மொட்டை மாடியில் தோப்பைப் பார்த்தபடி ஓர் ஆன்டெனாவும் வைத்தான். கைப்பேசிச் செயலியில் ஒரு பச்சை வட்டத்தைத் தொட்டால் மோட்டார் ஓடும், மறுபடி தொட்டால் நிற்கும். இரண்டு கோடையை அந்த வட்டத்தை நம்பியே கடத்தினேன்.

சென்ற மாதம் ஒரு நாள் செயலியைத் திறந்தால் வட்டம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. சுவிட்ச் தயாரித்த நிறுவனம் தன் சேவையை நிறுத்திக்கொண்டதாகவும், பயனர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தேன். சுவிட்சில் விளக்கு எரிகிறது, வைஃபை கிடைக்கிறது, கையால் அழுத்தினால் உள்ளே கரண்டைச் சேர்க்கும் ரிலேயும் 'டக்' என்று விழுகிறது. கெட்டுப்போன சாமானைத் தூக்கி எறிய மனம் வரும். எந்தக் கோளாறும் இல்லாத ஒரு சாமான் செத்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

மகனிடம் கேட்டபோது, "அப்பா, நீங்கள் தொட்டதும் உத்தரவு வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் நம் தோப்புக்குத் திரும்பி வரும்" என்றான். என் வீட்டுத் திண்ணையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருக்கும் மோட்டாருக்கு, கடல் கடந்து போய் அனுமதி வாங்கி வரவேண்டிய அவசியம் என்ன? இந்தக் கருவிகள் தொடக்கத்திலேயே இப்படித்தான் உருவாயினவா, அல்லது இடையில் யாரோ செய்துவைத்த ஏற்பாடா?

அடுத்து வாங்குவது பற்றியும் ஆலோசனை வேண்டும். பொள்ளாச்சியில் இருக்கும் மைத்துனர், சிம் போட்டுக் கைப்பேசியிலிருந்தே மோட்டாரை இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர்தான் நல்லது என்கிறார். 2ஜி சேவையையே எடுத்துவிடப் போகிறார்கள், அதில் பணம் போடாதீர்கள் என்று உரக்கடையில் ஒருவர் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

மின்பணியாளர், வேலந்தாவளம்:

வணக்கம் ஐயா. உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் வேலை பார்த்து வருகிறேன். சர்வர் விவகாரத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும். மோட்டார் பக்கம் இருப்பதை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் மகன் அந்த வைஃபை சுவிட்சை ஸ்டார்ட்டருக்குள் எப்படி இணைத்திருக்கிறார்? அது பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர் தாங்கும் சிங்கிள் பேஸ் சுவிட்சாக இருக்கும். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது பேஸுக்கு ஏழெட்டு ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும், கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எனவே மோட்டாரின் கரண்ட் சுவிட்சின் வழியே போகவே கூடாது. ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துவிடும் பெரிய சுவிட்சுக்குக் கான்டாக்டர் என்று பெயர்; அதை இழுக்கும் காயிலுக்கு மட்டும் வைஃபை சுவிட்ச் கரண்ட் கொடுக்க வேண்டும். இரண்டு கோடை ஓடியிருக்கிறது என்பதால் உங்கள் மகன் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அப்படிச் செய்தாலும் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பச்சை, சிவப்பு பட்டன் உள்ள சாதாரண ஸ்டார்ட்டர் கரண்ட் போனால் விழுந்துவிடும், கரண்ட் வந்தால் தானாக எழாது. யாராவது போய் அழுத்தினால்தான் ஓடும். வைஃபை சுவிட்சோ கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலைக்குத் திரும்பும்படி பல நேரங்களில் அமைத்திருப்பார்கள். நடு இரவில் கரண்ட் போய், பொழுது விடிந்து, ஓர் ஆள் பைப் ஜாயின்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் மோட்டார் கேட்காமலே ஓடத் தொடங்கும். நான் போய்ப் பார்த்த ஒரு தோப்பில் அப்படி நடந்து, ஓர் ஆளுக்குக் கை போகாமல் தப்பியது. செயலியின் அமைப்புகளில், கரண்ட் திரும்பினால் 'ஆஃப்' நிலையில் இருக்க வேண்டும் என்ற தேர்வு இருக்கும். அடுத்து எந்தச் சுவிட்ச் வாங்கினாலும் அதை முதலில் பாருங்கள்.

மொபைல் ஸ்டார்ட்டர் தோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட பெட்டி. மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஓட்டும். ஒன்று போனால் உடனே நிறுத்தும். போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் எடுக்கும் ஆம்பியர் குறையும், அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு உங்களை அழைக்கும். வைஃபை சுவிட்சுக்கு இந்த அறிவெல்லாம் கிடையாது. தண்ணீரே இல்லாமல் மோட்டார் சூடேறி வெந்துகொண்டிருந்தாலும் செயலியில் பச்சை வட்டம் அழகாகத் தெரியும். நம் சித்தூர் வட்டத்தில், மார்ச் பிறந்ததும் போர் எந்த நிமிடம் கைவிடும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், இதற்காகவே நான் மொபைல் ஸ்டார்ட்டர் பக்கம் நிற்கிறேன்.

சிம் விஷயத்தில் உரக்கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. பழைய பெட்டிகளுக்குள் இருப்பது 2ஜி மாட்யூல். ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. 2ஜி உள்ள நிறுவனத்தின் சிம்தான் போட வேண்டும். இப்போது 4ஜி மாட்யூல் வைத்த பெட்டிகளும் வருகின்றன. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். ரீசார்ஜ் செலவைப் பற்றியும் பயம் வேண்டாம். இணையம் சேராமல், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்குகளை நிறுவனங்கள் கொடுத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்துவிட்டது. மோட்டாருக்கு யூடியூப் எதற்கு?

நாட்டுக்கல்காரன், தற்போது கொச்சி:

ஐயா, வணக்கம். நெட்வொர்க் துறையில் வேலை பார்க்கிறேன். உங்கள் முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இத்துறையில் இருப்பவர்களே அதைக் கேட்பதை மறந்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1970களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினித் துறையினர் மூன்றாம் மாடியில் இருந்த கோக் இயந்திரம்வரை நடந்துபோய், அது காலியாக இருப்பதையோ, அப்போதுதான் நிரப்பியதால் புட்டி சூடாக இருப்பதையோ கண்டு திரும்பினார்கள். இந்த வெட்டி நடைக்குத் தீர்வாக, இயந்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கணினியில் சேர்த்தார்கள். எந்த வரிசையில் புட்டி இருக்கிறது, வைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பது திரையில் தெரிந்தது. மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் 'குளிர்ந்துவிட்டது' என்று காட்டியது. 1982 வாக்கில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகவும் அதைக் கேட்டு அறிய முடிந்தது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் நடந்ததும் இதே கதைதான். ட்ரோஜன் அறை என்று அழைக்கப்பட்ட இடத்தில் இருந்த காபிப் பாத்திரத்தைப் பார்த்தபடி ஒரு கேமராவை வைத்து, 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை எல்லோர் திரையிலும் காட்டினார்கள். 1993இல் அது வலைத்தளத்துக்கும் வந்து, 2001 ஆகஸ்டில் நிறுத்தப்படும்வரை உலகமே அந்தக் காபிப் பாத்திரத்தை வேடிக்கை பார்த்தது. 1990இல் ஒரு கண்காட்சியில் ஜான் ராம்கி, சைமன் ஹாக்கெட் இருவரும் ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒன்றை இணையத்தின் வழியே இயக்கிக் காட்டினார்கள். ரொட்டியை மட்டும் மனிதர்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு அதற்கும் ஒரு சிறு கிரேனைச் செய்து வைத்தார்கள்.

இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோக்கும் காபியும் நீங்கள் இரவில் தோப்புக்கு நடக்கும் அதே நடையை மிச்சம் பிடிக்கத்தான் இணைக்கப்பட்டன. பயன்படுத்துகிறவரே செய்தார், கருவியும் அவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள், நடுவில் மூன்றாம் ஆள் யாரும் இல்லை. 'பொருள்களின் இணையம்' என்ற பெயரே 1999இல்தான் வந்தது. கடைத் தட்டுகளில் என்ன சரக்கு தீர்ந்திருக்கிறது என்பதைச் சிறு ரேடியோ சில்லுகளின் மூலம் அறியலாம் என்று பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தாரிடம் விளக்கிய கெவின் ஆஷ்டன், தம் உரைக்கு வைத்த தலைப்பு அது.

மூன்றாம் ஆள் உள்ளே வந்ததற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. இன்றும் பரவலாகப் புழங்கும் பழைய முறையில், இணைய முகவரிகள் மொத்தமே 430 கோடிக்குச் சற்றுக் குறைவு. உலகில் உள்ள கைப்பேசிகளுக்கே அது போதாது. ஆகவே உங்கள் ஃபைபர் இணைப்பைத் தரும் நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைக்கிறது. ஒரு லாட்ஜுக்குத் தபால் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் போட்டால் அதற்குப் பதில் வந்து சேரும், ஆனால் வெளியிலிருந்து ஒருவர் அறை எண் தெரியாமல் புதிதாக எழுதினால் அது மேசையிலேயே நின்றுவிடும். நீங்கள் பாலக்காட்டுக்குப் போயிருக்கும்போது உங்கள் கைப்பேசி நேராகத் தோப்புச் சுவிட்சின் கதவைத் தட்ட முடியாததற்கு இதுதான் காரணம். எனவே சுவிட்ச் தானே வெளியே போய், நிறுவனத்தின் சர்வருடன் ஓர் இணைப்பைத் திறந்து, அதை மூடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். கைப்பேசியும் அதே சர்வருக்குப் போய்ச் சேதி சொல்லும். திறந்திருக்கும் இணைப்பின் வழியே சேதி சுவிட்சுக்கு வரும்.

இந்தப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலைக்கு எம்க்யூடிடி என்ற முறையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்போர்ட் கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும், பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். அன்று செயற்கைக்கோளில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு என்பதால் சேதியின் முன்னால் வரும் தலைப்புக்கு இரண்டே பைட்டுகள் போதும்படி சிக்கனமாக அமைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு 'உயில்'. கருவி இணையும்போதே, நான் திடீரென்று செத்தால் இந்தச் சேதியை எல்லோருக்கும் சொல்லிவிடு என்று சர்வரிடம் எழுதிக் கொடுத்துவிடும். கரண்ட் போய்த் தொடர்பு அறுந்ததும் சர்வர் அந்த உயிலைப் படித்துவிடும். உங்கள் செயலியில் வட்டம் சாம்பல் நிறமாவது பல நேரங்களில் இப்படித்தான். இம்முறை செத்தது கருவியல்ல, உயிலை வைத்திருந்த வக்கீல்.

இவ்வளவும் நீங்கள் வெளியூரில் இருக்கும்போதுதான் தேவை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசியும் சுவிட்சும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. அவை நேராகப் பேசிக்கொள்வதற்குத் தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. பேசவிடாமல் வைத்திருப்பது நிறுவனத்தின் விருப்பம். எல்லாச் சேதியும் தன் வழியே போனால் யார் எப்போது எதை இயக்குகிறார்கள் என்ற கணக்கு அதன் கையில் இருக்கும், பின்னாளில் மாதச் சந்தா கேட்கவும் வழியிருக்கும் என்பது என் கருத்து. விற்றபோது ஒரு முறை வாங்கிய பணத்தில் சர்வரை எத்தனை ஆண்டுகள் ஓட்ட முடியும் என்ற கேள்வியும் அதிலேயே ஒளிந்திருக்கிறது. ரெவால்வ் என்று, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஒரு கருவி அமெரிக்காவில் 300 டாலருக்கு, வாழ்நாள் சேவை உண்டு என்ற வாக்குறுதியோடு விற்கப்பட்டது. அந்த நிறுவனத்தை 2014இல் கூகுளின் கையில் இருந்த நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் வீட்டில் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் மிஞ்சியது. வாழ்நாள் என்றது யாருடைய வாழ்நாள் என்று அன்று பலர் கேட்டார்கள்.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கடையிலோ, திருப்பித் தரக்கூடிய காலத்துக்குள் வீட்டிலோ, மோடத்தில் செருகியிருக்கும் ஃபைபர் கம்பியைப் பிடுங்கிவிட்டு வைஃபையை மட்டும் ஓடவிடுங்கள். கைப்பேசியில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். இப்போது சுவிட்ச் இயங்கினால் அது உங்களுடையது. இயங்காவிட்டால் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். 2022 அக்டோபரில் ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் முதலியவை சேர்ந்து வெளியிட்ட மேட்டர் என்ற பொது முறையில், வீட்டுக்குள் உத்தரவு வீட்டுக்குள்ளேயே போகும். பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் கொஞ்சம் நம்பலாம்.

பழைய சுவிட்சையும் எறிந்துவிடாதீர்கள். மலிவான சுவிட்சுகள் பலவற்றுக்குள் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த ஈஎஸ்பி8266 என்ற சில்லுதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குள் வைஃபையும் சிறு கணினியும் கிடைக்கச் செய்து, இத்தனை கருவிகள் பெருகுவதற்கு வழி திறந்தது அந்தச் சில்லு. அதற்கென்று டாஸ்மோட்டா என்ற திறந்த மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள், இருக்கிறது. அதை ஏற்றினால் சுவிட்ச் யாருடைய சர்வரையும் தேடாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஏற்றும்போது சுவிட்ச் வீட்டு மின்சாரத்தில் இருக்கவே கூடாது. அந்தச் சில்லுக்கு வேண்டியது 3.3 வோல்ட்தான்.

கடைக்காரர், புளியரை:

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் சாலையில் எனக்குக் கடை. ஐயாவின் கேள்வி சுவிட்சைப் பற்றியது என்றாலும், மாட்டுத்தொழுவத்துக்கு, கடைக்கு என்று கேமரா வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வரிசையில் ஒன்பது கடைகளுக்கு ஒரே ஆள் வந்து கேமரா பொருத்தினார். ஒன்பதுக்கும் கம்பெனியிலிருந்து வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்து, பக்கத்துப் பேக்கரியில் வேலை செய்யும் பையன் என் கல்லாவில் எவ்வளவு பணம் எண்ணினேன் என்று என்னிடமே சொன்னான். திட்ட வாயெடுத்தபோது, 'அண்ணாச்சி, நான் உடைத்துக்கொண்டு நுழையவில்லை, பூட்டே இல்லை' என்றான். அவன் சொன்னது உண்மைதான். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்ததும் இதே வழியில்தான்; கம்பெனிக் கடவுச்சொற்கள் அறுபதுக்குச் சற்று மேல் எழுதிய பட்டியல் ஒன்றுதான் அதன் சாவிக்கொத்து. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, இணைய முகவரிச் சேவை தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் அமெரிக்காவில் முடங்கின.

பிரிட்டன் 2024 ஏப்ரலில், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டப்படி தடுத்துவிட்டது. நாம் பொருத்த வந்த ஆள் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஏலத்தோட்டம், வண்டன்மேடு:

கொச்சி நண்பர் சொன்னவை சரி. ஆனால் வைஃபை 150 மீட்டர் போவதே பெரிய காரியம் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். எங்கள் மலையில் மழைக்காலத்தில் நனைந்த இலைகள் வைஃபையைக் குடித்துவிடும். உங்கள் தென்னைகள் உயரமானவை என்பதால் தப்பித்தீர்கள். ஊடுபயிராக வாழை வைத்தால் பாருங்கள்.

மண் ஈரத்தைப் பார்க்கும் கருவிகளை நாங்கள் லோரா என்ற ரேடியோ முறையில் வைத்திருக்கிறோம். நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை அதற்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வேகம் ஒன்றும் இராது, ஒரு படம்கூட அனுப்ப முடியாது. ஈரம் இத்தனை, வெப்பம் இத்தனை என்று நாலு எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். ஆனால் அது சரிவைத் தாண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகிறது, பேட்டரி ஆண்டுக்கணக்கில் வருகிறது. மோட்டாருக்கு மின்பணியாளர் சொன்னதே சரி. தோப்பின் மறுகோடியில் தொட்டி நிரம்பிவிட்டதா என்று அறிய வேண்டுமானால் இதை யோசியுங்கள்.

தோப்புவாசி, கொழிஞ்சாம்பாறை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

வேலந்தாவளம் அன்பர் கேட்டது நல்லதாயிற்று. திறந்து பார்த்தபோது இணைப்பு கான்டாக்டர் காயிலுக்கு மட்டும்தான் போயிருந்தது. ஆனால் கரண்ட் திரும்பினால் பழைய நிலைக்கே போகும்படிதான் சுவிட்ச் இருந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் ஏதும் நேராதது என் நல்லூழ். தேங்காய் போட வரும் ஆட்கள் அந்தப் பைப் மேல்தான் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள்.

இப்போது 4ஜி மாட்யூல் உள்ள மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தியாயிற்று. முதல் இரவே, ஓடத் தொடங்கி நாற்பது நிமிடத்தில், தண்ணீர் இல்லை என்று நிறுத்திவிட்டு என்னை எழுப்பியது. போர் இப்படி விட்டு விட்டு ஊறுகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பழைய சுவிட்சில் எத்தனை இரவு மோட்டார் காய்ந்து ஓடியதோ!

பழைய சுவிட்சை மகன் விடுமுறையில் வந்து பிரித்தான். கொச்சித் தம்பி சொன்ன அதே சில்லு. விரல் நகம் அளவுதான் இருக்கிறது. அதன் மேல் எழுத்தைப் படிக்க என் கண்ணாடியும் போதாமல், மகள் வயிற்றுப் பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கினோம். நாலு கம்பியைப் பற்றவைத்து, லேப்டாப்பில் செருகி, புதிய மென்பொருளை ஏற்றினான். இப்போது அது தொழுவத்து விளக்கைப் பார்த்துக்கொள்கிறது. கரண்ட் வந்தால் அணைந்தே இருக்கும்படிதான் அமைத்திருக்கிறோம். சென்ற வாரம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பொக்லைன் எங்கள் தெருவின் ஃபைபரை அறுத்துவிட்டுப் போனது. இரண்டு நாள் இணையம் இல்லை. தொழுவத்து விளக்கு திண்ணையிலிருந்து தொட்டதும் எரிந்தது. மகனுக்குச் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்தால், வழக்கம்போல் அது தமிழ்நாட்டுக் கோபுரத்துக்குத் தாவியிருந்தது. பிறகு கேரளக் கோபுரத்துக்கே திரும்பி வந்து, பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் என்னைக் கேரளத்துக்கு வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்பியது.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மிச்சம். புதிய ஸ்டார்ட்டர் என்னை அழைத்து மலையாளத்தில் பேசுகிறது. எனக்குப் பழக்கம்தான். ஆனால் நான் ஊரில் இல்லாதபோது அழைப்பு என் மனைவிக்குப் போகும். அவர் உடுமலைப்பேட்டைக்காரர், முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும், முன்பின் தெரியாதவர் மலையாளத்தில் வேகமாகப் பேசினால் தொலைபேசியை வைத்துவிடுவார். மொழியை மாற்ற முடியுமா?

மின்பணியாளர், வேலந்தாவளம்:

முடியும் ஐயா. பெட்டியைக் கேரளத்துக் கடையில் வாங்கியதால் மலையாளத்தில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். கூட வந்த தாளில் மொழிக்கு ஒரு குறியீட்டு எண் போட்டிருக்கும். பதிவு செய்த உங்கள் எண்ணிலிருந்துதான் அதைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும், அம்மாவின் எண்ணிலிருந்து அனுப்பினால் பெட்டி ஏற்காது. தாள் தொலைந்திருந்தால் பெட்டியின் மூடிக்குப் பின்பக்கம் பாருங்கள், அங்கேயும் ஒட்டியிருப்பார்கள். பார்க்கும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் திறங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. அதற்குள் மாறாவிட்டால் நானே வந்து பார்க்கிறேன்.